படபடப்பும் மூச்சு வாங்குவதும்: எது பயமுறுத்தும், எது ஆபத்து?

நெஞ்சு படபடக்கிறது என்று பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களில் பலருடைய இதயம் நன்றாகவே இருக்கும். மாடி ஏறினால் முன்பைவிடக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களில் பலருக்கு, கவனிக்க வேண்டிய ஏதோ ஒரு கோளாறு மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். நாற்பதிலிருந்து அறுபது வரையிலான வயதில் நடக்கும் விபரீதம் இதுதான். சத்தம் போடும் அறிகுறிக்கு நாம் பயப்படுகிறோம். சத்தமில்லாமல் வரும் அறிகுறியோடு சமாதானமாகப் போய்விடுகிறோம்.

எதற்குப் பதற வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிய, முதலில் இந்த இரண்டும் உடம்பில் எப்படி உண்டாகின்றன என்று பார்க்க வேண்டும்.

லட்சம் துடிப்புகள்

1906 கோடைக்காலம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உடற்கூறியல் அறிஞர் ஆர்தர் கீத்தின் கிராமத்து வீடு. அங்கே மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர், மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் 'மோல்' என்ற சிறு பிராணியின் இதயத்தை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். வலது மேலறையில், உடம்பின் மேல்பாதியிலிருந்து அசுத்த ரத்தத்தைக் கொண்டுவரும் பெருநாளம் வந்து சேரும் இடத்தில், மற்ற தசையைப் போல இல்லாத ஒரு சிறு திசுத் திட்டு அவர் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு இருவரும் அதை வெளியிட்டார்கள். இதயத்தின் துடிப்பு தொடங்கும் இடம் அதுதான். சைனஸ் கணு என்று அழைக்கிறோம். அதே 1906-இல் ஜெர்மனியின் மார்புர்க் நகரில், சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய மருத்துவர் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே இருக்கும் இன்னொரு கணுவை விவரித்திருந்தார். முதல் கணுவில் பிறக்கும் மின் சைகை இந்த இரண்டாவது கணுவில் கண நேரம் தாமதித்துப் பிறகுதான் கீழே இறங்குகிறது. மேலறைகள் ரத்தத்தை இறக்கி முடிக்கும்வரை கீழறைகள் காத்திருப்பதற்காகத்தான் அந்தத் தாமதம்.

ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்புகள். ஆச்சரியமான விஷயம், சைனஸ் கணுவை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 90, 100 என்றுதான் துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு நரம்பு இணைப்பு அறுந்திருப்பதால், ஓய்விலும் துடிப்பு அந்த அளவில்தான் இருக்கும். நமக்கெல்லாம் வேகஸ் என்ற நரம்பு அதை இடைவிடாமல் அடக்கி 70, 75 என்று வைத்திருக்கிறது. வண்டியை ஓட்டும்போதே பிரேக்கில் லேசாகக் கால் வைத்திருப்பது மாதிரி. பயந்தால், வேகமாக நடந்தால், காய்ச்சல் வந்தால் முதலில் அந்தக் கால் எடுபடுகிறது. பிறகு அட்ரினலின் வந்து வேகத்தைக் கூட்டுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை அனுப்பும் இதயம், நல்ல உழைப்பில் 20 லிட்டர் வரை அனுப்பும்.

இத்தனை வேலையும் நமக்குத் தெரியாமல் நடக்கிறது. ராத்திரி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால், இதயத்தின் முனை விலா எலும்புக்கு அருகில் வருவதால், அது இடிப்பது காதில் கேட்பதுபோல் இருக்கும். கவலையில் இருந்தாலும் அப்படித்தான், கவனம் உள்ளே திரும்பிவிடும். துடிப்பு மாறவில்லை, அதைக் கேட்பவர்தான் மாறியிருக்கிறார். படபடப்பு என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இதுதான்.

"ஒரு துடிப்பு நின்னு போச்சு டாக்டர்"

அடுத்த பங்கு இன்னும் சுவாரஸ்யமானது. "நெஞ்சு பக்குனு ஆச்சு, ஒரு செகண்ட் நின்னுட்டு மறுபடியும் 'டொம்'னு அடிச்சது" என்பார்கள். இதை நெருங்கிப் பார்ப்போம்.

நிமிடத்துக்கு 72 துடித்தால், இரண்டு துடிப்புக்கு இடையே சுமார் 0.83 விநாடி. இந்த இடைவெளியில்தான் கீழறை ரத்தத்தால் நிரம்புகிறது. சில சமயம் சைனஸ் கணுவைக் கேட்காமல், கீழறையின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் செல்கள் முந்திக்கொண்டு அரை விநாடியிலேயே ஒரு துடிப்பைக் கிளப்பிவிடும். கீழறை பாதிதான் நிரம்பியிருக்கிறது. துடிக்கிறது, ஆனால் வெளியே போகும் ரத்தம் குறைவு. மணிக்கட்டில் நாடி பிடித்திருந்தால் அந்தத் துடிப்பு விரலுக்கு எட்டவே எட்டாது. அடுத்து முறைப்படி வர வேண்டிய துடிப்பு, தசை இன்னும் ஓய்வில் இருப்பதால் வீணாகிறது. ஆகவே 1.1 விநாடிக்கு மேல் ஒரு நீண்ட இடைவெளி. அந்த நேரத்தில் கீழறை வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பி விரிகிறது. விரிந்த இதயத் தசை அதிக பலத்தோடு சுருங்கும் என்பது அதன் இயல்பு. அந்தப் பலமான சுருக்கம்தான் 'டொம்' என்று கேட்டது.

நின்றுபோனதாக நாம் நினைத்த துடிப்பு உண்மையில் சீக்கிரமே வந்துவிட்ட துடிப்பு. நம்மைப் பயமுறுத்திய துடிப்போ முற்றிலும் சரியான துடிப்பு.

ஆரோக்கியமானவர்களின் இதயத்தை 24 மணி நேரம் பதிவு செய்து பார்த்தால், பெரும்பாலானவர்களிடம் இப்படி ஒன்றிரண்டு முந்திய துடிப்புகளாவது இருக்கும். தூக்கக் குறைவு, மது, புகை, மன உளைச்சல் இவை கூட்டும். இதய அமைப்பு நன்றாக இருந்தால் எப்போதாவது வரும் இத்துடிப்புகளால் பாதகமில்லை. மொத்தத் துடிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அதாவது நாளொன்றுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் போனால், நாளடைவில் இதயத் தசை பலவீனமாகலாம். அப்போது சிகிச்சை தேவைப்படும். எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டியது கருவிதான், நம் பயம் இல்லை.

மேஜையில் தட்டிக் காட்டுங்கள்

படபடப்பு என்று வருகிறவரிடம் அனுபவமுள்ள டாக்டர்கள் ஒன்று கேட்பதுண்டு: "எப்படி அடிச்சுதுன்னு இந்த மேஜையில விரலால தட்டிக் காட்டுங்க சார்." தட்டுவதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

நடுவே ஒரு தட்டு முந்தி, பிறகு இடைவெளி விட்டால், மேலே சொன்ன முந்திய துடிப்பு. ஒழுங்காக, ஆனால் மிக வேகமாகத் தட்டி, "சுவிட்ச் போட்ட மாதிரி ஆரம்பிச்சுது, அதே மாதிரி டக்குனு நின்னுடுச்சு" என்றால் அது மேலறை சார்ந்த வேகத் துடிப்பாக இருக்கலாம். இதில் மின் சைகை ஒரு வட்டப் பாதையில் சிக்கிச் சுற்றிச் சுற்றி வரும். நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை போகும். பார்க்கப் பயங்கரம், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. வயிற்றை இறுக்கி முக்கினால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இது நிற்பதுண்டு. 2015-இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு இந்தப் பழைய முறையில் சின்ன மாற்றம் செய்தது. உட்கார்ந்தபடி 15 விநாடி முக்கியதும், நோயாளியைச் சட்டென்று படுக்க வைத்துக் கால்களை 15 விநாடி தூக்கிப் பிடித்தார்கள். பழைய முறையில் 17 சதவீதம் பேருக்கு நின்ற துடிப்பு, புதிய முறையில் 43 சதவீதம் பேருக்கு நின்றது. மருந்தும் இல்லை, செலவும் இல்லை. ஆனால் உங்களுக்கு வந்திருப்பது அதுதான் என்று ஒரு டாக்டர் உறுதி செய்து, கற்றுக்கொடுத்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது வகைதான் விவகாரமானது. எந்தத் தாளத்துக்கும் அடங்காமல், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் தட்டிக் காட்டுவார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு இது. மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, துண்டாகப் பிரிந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன், தைராய்டு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மது என்று காரணங்கள் பல. நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு: சிறுவயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக வந்து போன ருமாட்டிக் காய்ச்சல், இதய வால்வைச் சுருக்கிவிட்டு, பல ஆண்டுகள் கழித்து நடுவயதில் இப்படித் தலைகாட்டும். இதில் மோசம் என்னவென்றால், சிலருக்குப் படபடப்பே தெரியாது. "கொஞ்ச நாளா அசதி, நடந்தா மூச்சு வாங்குது" என்பதோடு சரி.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. இடது கையை மல்லாத்தி, கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரத்தில், வலது கையின் நடு மூன்று விரல்களை லேசாக வையுங்கள். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தாளம் ஒழுங்காக இல்லையென்றால் முழு நிமிடம் எண்ணுங்கள். வேகத்தைவிட ஒழுங்குதான் முக்கியம்.

இதயம் குற்றவாளி இல்லாதபோது

49 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஓராண்டாக மாதவிடாய் தாறுமாறாக வருகிறது. வந்தால் பத்து நாள், கட்டி கட்டியாகப் போகிறது. திடீர் திடீரென்று உடம்பெல்லாம் சூடேறி வியர்க்கிறது, அப்போது நெஞ்சு படபடக்கிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான், நானும் இப்படித்தான் இருந்தேன்" என்கிறார் அக்கா.

அக்கா சொல்வது பாதி சரி. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதால் உடல் சூடும் படபடப்பும் வருவது உண்மை. ஆனால் மாதந்தோறும் அதிகமாகப் போகும் ரத்தத்தோடு இரும்புச் சத்தும் போகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 13 கிராம் இருக்கும்போது 100 மில்லி ரத்தம் 17 மில்லிக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜனைக் கொண்டுபோகும். 7 கிராமுக்கு இறங்கினால் அது 9 மில்லிதான். குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக ஓட வேண்டும். படபடப்பு, மூச்சு வாங்குதல் இரண்டுக்கும் இதுவே காரணம் ஆகிவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். ஆக, அந்தப் பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். பிறகு ஏன் அவ்வளவு ரத்தம் போகிறது என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கொரோனா காலத்தில் பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கினார்கள். அதில் 98 காட்டினால் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970-களில் உருவாக்கிய உத்தி அது, அற்புதமானதுதான். ஆனால் இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனோடு இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். ஹீமோகுளோபினே பாதியாகக் குறைந்திருந்தாலும் 98 காட்டும். இதயம் பலவீனமாகத் தொடங்கும் கட்டத்திலும் 98 காட்டலாம். அந்த எண் குறைந்தால் உடனே கவனிக்க வேண்டும். சரியாக இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே கதை: நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும், கை நடுங்கும், வெக்கை தாங்காது, தூக்கத்திலும் நாடி வேகமாகவே ஓடும். தைராய்டு குறைவுக்காக எடுக்கும் மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் இப்படி ஆகும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பூட்டமால், மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில சளி மாத்திரைகள் ஆகியவையும் படபடப்பைத் தரும். டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது.

மனப் பதற்றமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பதற்றத்தில் வேக வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அதனால் விரல் நுனிகளும் உதட்டைச் சுற்றியும் மதமதக்கும், தலை கிறுகிறுக்கும். செத்துவிடுவோம் என்று தோன்றும். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியும். காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியத்தை இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. கோளாறு உண்மையில் இதயத்திலோ நுரையீரலிலோ இருந்தால் அது ஆக்சிஜனைக் குறைத்து ஆபத்தாகிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நடுவயதில் முதல் முறையாக இப்படி வந்தால், "டென்ஷன்தான்" என்ற முடிவு பரிசோதனைகளுக்குப் பிறகு வர வேண்டும். முன்னால் வரக் கூடாது. பெண்கள் விஷயத்தில் இந்த வரிசை அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது.

மூச்சு முட்டுவது எப்படித் தெரிகிறது?

மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். சிறிது நேரத்தில் தாங்க முடியாத தவிப்பு வரும். ஆக்சிஜன் தீர்ந்ததால் வரும் தவிப்பு என்றுதான் தோன்றும். அப்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும். கரியமில வாயு ஏறுவதைத்தான் மூளைத்தண்டு முக்கியமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறது. மூச்சு விடு என்ற கட்டளையும் அந்தத் தவிப்பும் அங்கிருந்து பிறக்கின்றன.

ஆனால் மூச்சு முட்டலுக்கு இன்னொரு ஊற்றும் இருக்கிறது. அதைக் கண்டவர் ஓர் இந்தியர். அவதார் சிங் பெயின்டல் 1950-களில், நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒட்டி அமைந்த நரம்பு முனைகளைக் கண்டறிந்தார். நுரையீரலில் நீர் கோத்து அந்தக் குழாய்களைச் சுற்றியுள்ள இடம் உப்பத் தொடங்கினால், இந்த நரம்பு முனைகள் விழித்துக்கொண்டு மூளைக்குச் செய்தி அனுப்பும். 'ஜே' உணர்விகள் என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் படிப்பது இவற்றைத்தான். டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தின் இயக்குநராகவும், பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தவர் பெயின்டல்.

இதயம் தளர்ந்தவருக்கு இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பகலெல்லாம் நின்று நடந்ததில் கால்களில் நீர் இறங்கிக் கணுக்கால் வீங்கியிருக்கும். இரவு படுத்ததும் கால்களில் தேங்கியிருந்த ரத்தமும் நீரும் மார்புப் பக்கம் திரும்புகின்றன. நல்ல இதயம் அதை வாங்கி அனுப்பிவிடும். தளர்ந்த இதயத்தால் முடியாது. நுரையீரலில் நெரிசல் ஏற்பட்டு, நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கும். ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகும். காற்று வந்ததால் சரியானதாக நோயாளி நினைப்பார். எழுந்து உட்கார்ந்ததால் ரத்தம் கீழிறங்கியதுதான் காரணம்.

"எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான்.

"முன்னெல்லாம் ஒண்ணு. இப்ப மூணு இருந்தாத்தான் தூக்கம் வருது."

இந்த ஒரு பதிலுக்கு அப்புறம் எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடும் டாக்டர் இருக்க மாட்டார்.

எக்கோவில் "பம்பிங் 60 சதவீதம், நார்மல்" என்று வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததாகவும் கொள்ள முடியாது. பல வருட ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து இதயத் தசையைத் தடிப்பாக்கி விறைக்க வைத்துவிடுவதுண்டு. அப்படிப்பட்ட இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் நன்றாக விரியாது. விரியாவிட்டால் நிரம்பாது. நடுவயதைத் தாண்டும் பெண்களிடம் இது அதிகம். எக்கோவிலேயே இதற்கான அளவுகளும், ரத்தத்தில் பிஎன்பி என்ற பரிசோதனையும் இதைக் காட்டிக்கொடுக்கும்.

53 வயதும் ஒரு சோடாவும்

52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தெற்காசிய முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது மற்ற நாடுகளில் 58.8. தெற்காசியர்களில் 53. கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் முன்னதாகவே நமக்கு வந்துவிடுகிறது. 'நடுவயது' என்ற பேச்சு நம் ஊரில் அதனால்தான் இவ்வளவு முக்கியமாகிறது.

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்ற சினிமாக் காட்சி நம் மனதில் பதிந்திருக்கிறது. சர்க்கரை நோய் வலி நரம்புகளை மழுங்கடித்துவிடுவதால் பலருக்கு வலி வராமலே போகும். பெண்களுக்கும் வலியோடோ வலியில்லாமலோ மூச்சு வாங்குவது, வாந்தி வருவதுபோல் இருப்பது, காரணமில்லாத அசதி என்று வருவது ஆண்களைவிட அதிகம். இதயக் குழாயில் அடைப்பு வளரும் காலத்திலும், 'நடந்தால் மூச்சு வாங்குகிறது, நின்றால் சரியாகிறது' என்பதே ஒரே அடையாளமாக இருக்கலாம்.

இங்கேதான் 'கேஸ்' வந்து குறுக்கிடுகிறது. நெஞ்சு அடைக்கிறது, ஏப்பம் வருகிறது, ஒரு சோடா குடித்தால் போயிற்று என்று விடியும்வரை பொறுத்திருந்து, அந்தச் சில மணி நேரத்தில் இதயத் தசையை இழந்தவர்கள் ஏராளம். வாயுவுக்கு நடையைத் தெரியாது. நடந்தால் கூடி, நின்றால் குறைகிற நெஞ்சு அடைப்பு வாயுவாக இருப்பது அரிது.

பத்து விநாடிப் படம்

ஈசிஜியை நடைமுறைக்குக் கொண்டுவந்த வில்லெம் ஐன்தோவன், ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர். அவருடைய முதல் கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் நிரம்பிய தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 1905-இல் லெய்டன் நகரத்தில் நோயாளி மருத்துவமனையிலும் கருவி ஆய்வகத்திலுமாக, ஒன்றரை கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பி வழியாக இதயத் துடிப்பைப் பதிவு செய்தார். 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஈசிஜி எடுக்கிறார்கள்.

அந்த ஈசிஜி பதிவு செய்வது வழக்கமாகப் பத்து விநாடி. ஒரு நாளில் 86,400 விநாடி. வாரத்துக்கு ஒரு முறை வரும் படபடப்பு அந்தப் பத்து விநாடிக்குள் வந்தால்தான் சிக்கும். 'ஈசிஜி நார்மல்' என்றால் அந்த நேரத்தில் நார்மல் என்றுதான் பொருள். இந்தக் குறையைத் தீர்க்க நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் 1940-களின் கடைசியில் முதுகில் சுமக்கும் பதிவுக் கருவி ஒன்றைச் செய்தார். எடை 38 கிலோ. இப்போதைய ஹோல்டர் கருவி சட்டைப் பைக்குள் அடங்கும். 24 மணி நேரமோ அதற்கு மேலோ இடைவிடாமல் பதிவு செய்யும். படபடப்பு வரும்போது நேரத்தைக் குறித்துக்கொண்டால், அந்த நேரத்துப் பதிவில் என்ன இருக்கிறது என்று ஒப்பிடலாம்.

கைக்கடிகாரங்களும் இப்போது நாடியைக் கவனிக்கின்றன. அமெரிக்காவில் 4 லட்சத்து 19 ஆயிரம் பேரைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஆப்பிள் கடிகார ஆய்வில், நாடி ஒழுங்கில்லை என்ற எச்சரிக்கை வந்தது அரை சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் ஈசிஜி பதிவுப் பட்டையை ஒட்டிக்கொண்டு திருப்பி அனுப்பியவர்களை ஆராய்ந்தபோது 34 சதவீதம் பேரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அகப்பட்டது. கடிகாரம் எச்சரித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். எச்சரிக்காததை நற்சான்றாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

எப்போது போக வேண்டும்?

உடனே, அந்த நிமிடமே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியவை:

படபடப்போடு மயக்கம் வருவது, அல்லது கண் இருட்டிக்கொண்டு வருவது. நெஞ்சில் பாரமோ இறுக்கமோ, தாடைக்கும் தோளுக்கும் பரவுவது, குளிர்ந்த வியர்வை. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாத அளவு மூச்சு முட்டுவது. உதடு நீலம் பாய்வது, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருவது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்திருக்க, திடீரென்று மூச்சு முட்டுவது. அறுவை சிகிச்சைக்கோ நீண்ட பயணத்துக்கோ பிறகு இப்படி நேர்ந்தால், காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். படபடப்போடு கை கால் தளர்வது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது.

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள், நோயாளியே வண்டி ஓட்டவும் கூடாது. மாரடைப்பு என்று தெரிந்தால் முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2023 முதல் நடக்கிறது. பெரிய மருத்துவமனை தூரம் என்று வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஓரிரு நாளுக்குள் போக வேண்டியவை:

வேலை செய்யும்போதோ நடக்கும்போதோ வரும் படபடப்பு. ஓய்வில் இருக்கும்போது வந்துவிட்டு விரைவில் தணிவதைவிட இதற்கு மதிப்பு அதிகம். ஓய்விலும் நாடி 120-க்கு மேல் நீடிப்பது, அல்லது தாளமே இல்லாமல் அடிப்பது. படுத்தால் மூச்சு முட்டுவது, தலையணைகள் கூடுவது, இரண்டு கணுக்காலும் வீங்குவது. சில வாரங்களுக்குள் மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போவது. குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருந்தால், அவர்களுடைய ரத்த உறவினருக்கு வரும் எந்தப் படபடப்பும் இந்தப் பட்டியலில் சேரும். ஏற்கெனவே இதய நோய், வால்வுக் கோளாறு உள்ளவர்களுக்கும் அப்படியே.

நிதானமாக, ஆனால் தவறாமல் ஒரு முறை காட்ட வேண்டியவை:

எப்போதாவது 'பக்கு' என்று ஒரு துடிப்பு தவறுவது, உடல் சூட்டோடு வரும் படபடப்பு, கவலைக்குப் பின்னால் வரும் படபடப்பு. ஒரு முறை ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து எல்லாம் சரியென்று தெரிந்துவிட்டால், அடுத்த தடவை அது வரும்போது பயம் பாதியாகக் குறையும். பயம் குறைந்தால் படபடப்பும் குறையும்.

டாக்டரிடம் போகும்முன் ஒரு தாளில் நான்கு விஷயங்கள் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, சட்டென்று நின்றதா மெல்ல அடங்கியதா. அந்த நேரத்து நாடி எண்ணிக்கையும் இருந்தால் இன்னும் நல்லது. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களில், எந்தக் கருவியும் தராத தகவல் அந்தத் தாளில் இருக்கும்.

மூச்சு வாங்குவதை அளக்க ஓர் எளிய கேள்வி போதும். சமதரையில் உங்கள் வயதுக்காரர் ஒருவரோடு நடக்கும்போது பின்தங்குகிறீர்களா? ஆறு மாதத்துக்கு முன்பு நிற்காமல் ஏறிய படிகளில் இப்போது நடுவில் நிற்கிறீர்களா? நடுவயதில் பலர் இதைக் கவனிப்பதில்லை. காரணம், மூச்சு வாங்காதபடி வாழ்க்கையையே சுருக்கிக்கொள்கிறார்கள். மாடிக்குப் போவதை நிறுத்துகிறார்கள், கடைக்குப் பிள்ளையை அனுப்புகிறார்கள், கோயில் பிரகாரத்தை மூன்று சுற்றுக்குப் பதில் ஒன்றோடு முடித்துக்கொள்கிறார்கள். பிறகு யாராவது கேட்டால், "மூச்சு எல்லாம் வாங்கலையே" என்கிறார்கள்.

அப்படி நீங்கள் கைவிட்ட வேலை ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் கேளுங்கள், நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தால், வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். இந்த வாரத்துக்குள் போய் நாடி, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஈசிஜி நான்கையும் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இதற்கு ஒரு காலைப் பொழுதுதான் ஆகும்.